வயிற்றுப் பிள்ளைக்கு மாத்திரை
ஐந்தாம் மாத ஸ்கேனில், என் வயிற்றுப் பிள்ளையின் கழுத்தில் நிணநீர்க் குழாய்கள் புடைத்துக் கட்டியாகியிருந்தது தெரிந்தது. நான் மாத்திரை விழுங்கினால், மருந்து தொப்புள்கொடி வழியாகப் போய்க் கட்டியைச் சுருக்க வாய்ப்புண்டு என்றார் டாக்டர். எண்ணூர் வீட்டில் மாமியாருக்கு வந்ததே கோபம்.

"புள்ளத்தாச்சி மாத்திர துன்னுவாளா? வயித்துல கீறதுக்கு வெசம்டி அது!"

தொழிற்சாலை வாயு உள்ளே வராமலிருக்க, ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துக்கொண்டே இதைச் சொன்னார். விஷத்தைப் பற்றி இவருக்குத் தெரியாததா!

"அப்ப இந்த கேஸு நாத்தம், அத்தே?"

"அது இன்னா பண்ணும்? பொறந்ததுலேர்ந்து மோந்துகினுதான கீறோம், நமக்கு இன்னா ஆச்சி?"

சொல்லி முடிப்பதற்குள் இருமல் அவரைப் பிடித்துக்கொண்டது. சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து மிச்சம் வைத்த தண்ணீரில் என் மாத்திரையை விழுங்கினேன்.