அண்ணி போட்ட சைபர்

மோமோவுக்கு மார்க் போடுவதில் எங்கள் அண்ணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏற்காட்டுக்கு அப்போதுதான் மோமோ வந்து சேர்ந்திருந்தது. மிளகாய் பஜ்ஜியும் சுட்ட சோளமும் விற்ற ஏரிக்கரையில் ஒரே சீசனில் நாலைந்து மோமோ வண்டிகள் முளைத்துவிட்டன. எனக்கு எட்டு வயது. கோடை விடுமுறையும் நோன்பு மாதமும் ஒன்றாக வந்த வருஷம் அது. எங்கள் தெருவே பகலில் வாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது, நானும் அண்ணியும் மட்டும் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

எங்களுக்குக் கடைவீதியில் ஸ்வெட்டர் கடை. அத்தாவும் அண்ணனும் அதில் இருப்பார்கள். காலையில் நான் பள்ளிவாசலுக்கு ஓதப் போவேன். நோன்பு பிறந்த அன்றைக்கே, ஓதி முடித்ததும் என்னைக் கூட்டிவரும் பொறுப்பை அம்மா அண்ணியிடம் கொடுத்துவிட்டாள். அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்று தினமும் சொல்லி அனுப்புவாள். கண்ணை மூடிக்கொண்டே வீட்டுக்கு ஓடி வரத் தெரிந்த எனக்குத் துணை எதற்கு என்று கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

அண்ணிக்கு அப்போது இரண்டாம் மாதம் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். முந்தின வருஷம் ஒருமுறை உண்டாகிக் கலைந்துபோயிருந்தது. அப்போது நாள் தள்ளிப்போன உடனேயே அத்தாவின் அக்கா, எங்கள் சேலத்து அத்தை, சொந்தபந்தம் மொத்தத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அப்புறம் அதே சொந்தபந்தம் வரிசையாக மலையேறி வந்து துக்கம் விசாரித்தது. வந்தவர்களுக்கெல்லாம் அண்ணிதான் டீ போட்டுக் கொடுத்தாள். அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை அண்ணனைத் தவிர யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். அம்மாவிடம்கூட இல்லை.

பிள்ளைத்தாய்ச்சிக்கு நோன்பில் சலுகை உண்டு. ஆனால் நோன்பு வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. ஆகவே விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரத்தில் எல்லோரோடும் எழுந்து உட்கார்ந்து, நோன்பாளி மாதிரியே வீட்டில் நடமாடினாள். வீட்டுச் சாப்பாடோ வயிற்றில் நிற்கவில்லை. தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டல். எடை இறங்கிக்கொண்டே போகிறது, எதையாவது உள்ளே தள்ளு, இல்லாவிட்டால் இதுவும் தங்காது என்று டாக்டரம்மா கண்டித்து அனுப்பியிருந்தார். இதில் ஒரு வரிகூட எனக்கு அன்றைக்குத் தெரியாது.

முதல் கடை பஸ் ஸ்டாண்டில். மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் அண்ணி அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளைக்கு என்று என்னைக் காட்டி ஒரு தட்டு வாங்கினாள். தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அதில் பாதியை அவளே தின்றாள். நான் விடுவேனா? நோன்போடு தின்கிறீர்களே என்று கேட்டுவிட்டேன்.

கஞ்சி காய்ச்சுகிற பெண்கள் நுனிநாக்கில் உப்புப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. அண்ணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நாம தின்னல கண்ணு, உப்புப் பாக்குறோம். எந்தக் கடையில நல்லா இருக்குன்னு பத்துக்கு மார்க் போடணும். அது உன் பொறுப்பு."

நீங்கள் துப்பவில்லையே என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்டால் பதவி போய்விடும் என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

பதவி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டு மோமோவின் தோல் எங்கள் கடை ஸ்வெட்டரைவிடத் தடிமன். ஆனாலும் சிவப்புச் சட்னி கண்ணில் தண்ணீர் வரவழைத்ததால் ஒன்பது போட்டேன். அண்ணி ஐந்து போட்டாள். இன்னொரு கடையில் உள்ளே பன்னீர் என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை வைத்திருந்தான். அதற்கு நான் நாலு, அண்ணி இரண்டு. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு வண்டிக்காரர் மோமோவை எண்ணெயில் பொரித்துப் பூண்டுச் சட்னியில் புரட்டிக் கொடுத்தார். ஆஹா, அதற்கு நான் யோசிக்காமல் பத்துக்குப் பத்து போட்டேன். அண்ணி ஒன்றை வாயில் வைத்தாள். உடனே மரத்துக்குப் பின்னால் ஓடினாள். திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைபர் என்றாள். இப்படி ஓரவஞ்சனை செய்கிறவளை நான் பார்த்ததில்லை.

கடைசியாகக் கிளியூர் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை அகப்பட்டது. அங்கே ஒரு அக்கா இட்லிச் சட்டியில் மோமோ அவித்துக்கொண்டிருந்தாள். அண்ணி தயங்கித் தயங்கி ஒன்றைக் கையில் எடுப்பதையும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைப்பதையும் அந்த அக்கா கவனித்தாள்.

"ஏனுங்க, சித்த இருங்க. பூண்டு போடாம இன்னொரு ஈடு வெச்சுத் தர்றேன்."

முட்டைக்கோஸ், இஞ்சி, மலை மிளகு. அவ்வளவுதான் உள்ளே. சட்னி என்று ஒரு பெயருக்குக்கூட ஏதும் இல்லை. காய்ச்சல்காரன் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்று நான் மூன்று மார்க் போட்டேன். அண்ணி ஒரு தட்டு தின்றாள். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள். வயிறு சும்மா இருந்தது போலிருக்கிறது, இன்னொரு தட்டு கேட்டு வாங்கினாள். கண் கலங்க, பத்து என்றாள். வீடு வரும்வரை நான் அவளோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து வேறு கடை ஏறவே மாட்டேன் என்று அண்ணி சாதித்துவிட்டாள். எனக்கு ஒரே கடுப்பு. அவள் கன்னத்தில் மட்டும் மெல்ல ரத்தம் ஏறிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து சேலத்து அத்தை வந்து இறங்கினாள். ஒரு வாரம் தங்கப்போகிறேன் என்றாள். நோன்பு திறக்கும் நேரம். பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குப்போசியிலிருந்து ஊற்றிவைத்துவிட்டு, பாங்குக்காக எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். அத்தை தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். படகுத்துறைப் பக்கம் சூடாகப் போட்டுக்கொண்டிருந்தான், பிள்ளைக்கு வாங்கினேன் என்றாள். பொரித்த மோமோ. பூண்டு வாசம் கூடத்தைத் தூக்கியது.

அண்ணியின் முகம் வெளுத்தது. கை தானாக வாய்க்குப் போனது. என்னம்மா முகம் இப்படிப் போகிறது என்று அத்தை உற்றுப் பார்த்தாள். அண்ணி திணறினாள். நமக்குத் தெரிந்ததைச் சொல்லி உதவி செய்யாவிட்டால் எப்படி என்று நான் முந்திக்கொண்டேன்.

"இந்தக் கடைக்கு அண்ணி சைபர் போட்டாங்க அத்தை. உப்புப் பாத்துட்டு வாந்தி எடுத்தாங்க. கிளியூர் ரோட்டுக் கடைக்குத்தான் பத்து. அங்க தெனமும் ரெண்டு தட்டு உப்புப் பாப்பாங்க."

அண்ணன் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தையின் பார்வை அண்ணியின் முகத்திலிருந்து மெதுவாக வயிற்றுக்கு இறங்கியது. அண்ணியின் விரல்கள் பாயின் ஓரத்தைப் பிய்த்தன. அம்மாதான், பேரீச்சம்பழத்தைப் பங்கு வைத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அவளுக்குத் தொழுகை இல்லாத நாளுங்க. நாந்தான் வெளிய போயி எதாச்சும் சாப்பிடுன்னு அனுப்புனேன். வெறும் வயித்தோட கெடந்தா அவளுக்குப் பித்தம் தூக்கும்."

அத்தையின் முகத்தில் எரிந்த விளக்கு அணைந்தது. அட, இவ்வளவுதானா என்று பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. தொழுகை இல்லாத நாள் என்றால் மாதவிலக்கு, அப்போது நோன்பும் கிடையாது என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மதியம்கூட அண்ணி என் பக்கத்தில் நின்று தொழுதாள், இந்தக் கண்ணால் பார்த்தேன். நோன்பு வாயில் பொய் வந்தால் பட்டினிதான் மிச்சம் என்று எனக்கு அரிச்சுவடி மாதிரி சொல்லிக்கொடுத்தவள் அம்மா. அதுவும் நோன்பு திறக்க இன்னும் நேரம் இருக்கும்போதே! உண்மையை நிலைநாட்ட வாயைத் திறந்தேன். அம்மா ஒரு பேரீச்சம்பழத்தை அதற்குள் வைத்து அமுக்கினாள். பாங்கு கேட்டது.

அப்புறம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது, அண்ணி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தாள். உங்களுக்கு எப்படிம்மா தெரியும் என்று கேட்டாள்.

"மொத நாளே தெரியும் சாமி. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

"போன தடவ நீங்கதான் நொம்ப ஆசப்பட்டீங்க" என்றாள் அண்ணி. அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். அம்மாவும் அழுதாள். படகுத்துறைக் கடைக்குச் சைபர் போட்டது அநியாயம் என்று இப்போதுதான் உறைக்கிறது போலும் என்று எண்ணி, நான் பெருந்தன்மையாக வெளியே வந்துவிட்டேன்.

அத்தை இருந்த வாரம் முழுக்க அண்ணி ஒளிவுமறைவில்லாமல் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மாவே கிளியூர் ரோட்டு அக்காவிடம் போய்ப் பக்குவம் கேட்டு வந்து, எங்கள் இட்லிச் சட்டியில் அவித்துக் கொடுத்தாள். முதல் ஈடு வெடித்துக் கோஸ் எல்லாம் தண்ணீரில் மிதந்தது. அம்மாவும் அண்ணியும் கூடிப் பேசிச் சிரித்தார்கள். என்னிடம் யாரும் மார்க் கேட்கவில்லை.

பெருநாள் முடிந்து சில நாள் கழித்து அம்மா ஒரு நாள் மட்டும் தனியாக நோன்பு வைத்தாள். விட்டுப்போன நோன்பைப் பெண்கள் அப்படி வைப்பது வழக்கம்தான். ஆனால் அம்மா அந்த வருஷம் ஒன்றைக்கூட விடவில்லை. கேட்டதற்கு, ஒன்று கெட்டுப்போச்சு கண்ணு என்றாள். எனக்கு எது என்று தெரிந்துவிட்டது. அத்தையிடம் சொன்ன பொய். அப்படியானால் சரிதான், செய்த தப்புக்கு அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று நாள் முழுக்க அம்மாவையே கவனித்தேன். காய்ந்த உதட்டோடு அண்ணிக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். அவள் விழுங்குகிற ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். தப்புக்குத் தண்டனையாக நோன்பு பிடிக்கிறவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் எதற்கு என்பதுதான் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.