சியாமாங்கின் பாட்டைக் கேட்கப் போனோம்

என் வீட்டுக்காரர் காய்கறி லோரி ஓட்டுகிறவர். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே கேமரன் மலைக்கு ஏறி இறங்குகிறார். கம்போங் ராஜாவில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஈப்போ பக்கம் இறங்கி, அப்படியே கோலாலம்பூர் சந்தைக்குப் போய்விடுவார். எந்த வளைவில் மண் சரியும், எந்த இடத்தில் பனி மூடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு தேயிலைச் செடியைக்கூடக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. கேட்டால், லோரியை நிறுத்த அங்கே ஏது இடம் என்பார்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஒருநாள் காலையில் மேலேயிருந்து எனக்குப் போன் செய்தார். காட்டுக்குள் என்னமோ கத்துகிறது, கேள் என்று சொல்லிப் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். எனக்கு லோரி இன்ஜின் உறுமுவது மட்டும்தான் கேட்டது. அது சியாமாங், வாலில்லாத பெரிய கருங்குரங்கு என்று தோட்டத்தில் வேலை செய்த ஓர் ஓராங் அஸ்லிப் பழங்குடிக்காரர் பிறகு அவரிடம் சொன்னாராம். அன்றிலிருந்து எனக்கு அதைக் கேட்க வேண்டும் என்று ஓர் ஆசை. பிள்ளைகள், வேலை, மாமியாரின் மருத்துவமனை என்று அது தள்ளிக்கொண்டே போனது.

போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இருவருமே ஊரில் இல்லை. நான் பாலர் பள்ளி ஆசிரியை, எனக்கும் லீவு. மலைக்குப் போகலாம் என்றேன். எந்நேரமும் போகிற இடம்தானே என்று முனகினார். நான்தான் கார் ஓட்டுவேன் என்று சொன்னதும் முனகலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் லைசென்ஸ் எடுத்ததே பெரியவளுக்கு வேலை கிடைத்த பிறகுதான். மலையில் ஓட்டியதே இல்லை.

கம்போங் ராஜா வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று ஒப்பந்தம். மலையடிவாரத்துச் சிம்பாங் பூலாய் தாண்டிய மூன்றாவது வளைவிலேயே அது முறிந்தது. வாய்தான் திறக்கவில்லை, கால் சும்மா இருக்கவில்லை. இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தி, என் காரின் தரைவிரிப்பைச் சுருட்டிவிட்டார். பாதி மலையில் எதிரே ஒரு முட்டைக்கோஸ் லோரி இறங்கி வந்து நீளமாக ஹாரன் அடித்தது. அவருடைய கூட்டாளி. இவர் சீட்டுக்குள் சரிந்து உட்கார்ந்து பார்த்தார், பலனில்லை. அடுத்த பத்து நிமிஷத்துக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்களா என்று ஒருத்தர், உடம்புக்கு என்ன என்று இன்னொருத்தர். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "வீட்டுக்காரம்மா ஓட்டுறாங்க லா. நல்லாத்தான் ஓட்டுறாங்க." அந்த இரண்டாவது வாக்கியத்தை என்னிடம் அவர் நேராகச் சொல்லவே இல்லை.

வழியில் ஓர் அகலமான ஓரம் வந்தது. காரை நிறுத்தி இறங்கினோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மரங்களின் தலைகள். அப்போது எங்கள் தலைக்கு மேலே பெரிதாக மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு இருவாட்சிப் பறவைகள், பெரிய அலகை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. ஏர்பிரேக் விடுகிற சத்தம் என்றார் அவர். இறக்கை அடிக்கிற சத்தம் என்றேன். அவை மறைந்த பிறகும் அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை. நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

தானா ராத்தாவில் அறை எடுத்தோம். மறுநாள் விடிந்ததும் தமிழ் முஸ்லிம்காரர் நடத்துகிற ஒரு மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போது, எங்கே போனால் சியாமாங் கேட்கும் என்று கடைக்காரரிடம் விசாரித்தேன். பிரிஞ்சாங் பக்கம் ஒரு காட்டுப் பாதையைச் சொன்னார். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள் என்றவர், ஒரு பொட்டலம் உப்பையும் கையில் கொடுத்தார். காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டைக்கு.

பாதை என்றா சொல்வது? வேர்கள் படிக்கட்டு மாதிரி ஏறின. இடையில் வழுக்குகிற சேறு. மரமெல்லாம் ஈரப்பாசியைப் போர்த்தியிருந்தது. ஒரு மரத்தடியில் ஜாடி ஜாடியாகப் பூச்சி தின்னும் செடி. மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தேன், எறும்புகள் மிதந்தன. பின்னால் திரும்பினால் என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய சப்பாத்துக்கு மேலே, காலுறையின் விளிம்பில் ஓர் அட்டை நெளிந்தது. மழைக்காலத்தில் மண்சரிவுக்கு நடுவே பாரம் ஏற்றிய லோரியை இறக்கியவர், முகம் வெளுத்துப்போய், "நீயே எடு" என்றார். உப்பைப் போட்டேன். விழுந்தது. விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொடங்கியது. முதலில் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஓர் ஊமைச் சத்தம், பெரிய பானையின் வாயில் ஊதுவதுபோல. அதற்குப் பதிலாக இன்னொரு குரல், கீச்சென்று ஏறிக் குரைத்தது. பிறகு இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு காட்டையே நிறைத்தன. எனக்கு நெஞ்செலும்பு அதிர்ந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்து மேலே காட்டினார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் உயரமான மரத்தில், ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு, கரிக்கட்டை மாதிரி ஒன்று. அதன் தொண்டை பலூன்போல உப்பி உப்பி அடங்கியது. பக்கத்துக் கிளையில் அதன் ஜோடி. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி, பாட்டைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் இலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

விழுந்துகிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தோம். ஈரம் பாவாடை வரைக்கும் ஏறியது. பாட்டு நின்றதும் காடு காலியானது போலிருந்தது.

"இத்தனை வருஷமா இன்ஜினை நிறுத்தாமலேயே கேட்டிருக்கேன்" என்றார் அவர், மெதுவாக. அவர் கை இன்னும் என் முழங்கையில்தான் இருந்தது.

திரும்பும்போது பாதை இரண்டாகப் பிரிந்தது. இந்த மலையில் தனக்குத் தெரியாத வழியா என்று சொல்லி அவர் இடது பக்கம் திரும்பினார். காடு சட்டென்று முடிந்து, இடுப்பளவு தேயிலைக்கு நடுவே வந்து நின்றோம். நாலா பக்கமும் பச்சை வரிசைகள். கார் இருக்கிற ரோட்டைக் காணோம். நிரைக்கு நிரை நடந்து இறங்கினோம். கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன்கள் எங்கள் சேற்றுக் கோலத்தைப் பார்த்து மெஷினை அணைத்தே விட்டார்கள். அவர்களோடு நின்ற தமிழ்ப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, டவுனுக்கு இந்தப் பக்கம் நடந்தா மத்தியானம் ஆயிரும். கொழுந்து லோரி கீழ போவுது, ஏறிக்குங்க லா" என்றாள்.

வாழ்நாளெல்லாம் லோரியின் முன்சீட்டில் இருந்தவர் முதல் தடவையாகப் பின்னால் ஏறினார். கொழுந்து மூட்டைகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்தோம். மெத்தை மாதிரி இருந்தது. வெட்டின இலையின் பச்சை வாசம் மூக்கை அடைத்தது. அவர் கால்களை நீட்டிக்கொண்டு, பின்னோக்கி நகரும் மலையை வேடிக்கை பார்த்தபடியே வந்தார். எந்த வளைவில் என்ன நடந்தது என்று ஒரு கதைகூடச் சொல்லவில்லை.

காரைக் கண்டுபிடித்து, அறைக்குப் போய்க் குளித்து, சூடாகத் தேநீர் வாங்கிக்கொண்ட பிறகு மகனுக்குப் போன் செய்தார். மகனிடம் சொன்னபோது சியாமாங் அதன் அளவில்தான் இருந்தது. மகளிடம் சொல்லும்போது ஒரு பள்ளிப்பிள்ளையின் உயரம் வந்துவிட்டது. முந்தின நாள் ஹாரன் அடித்த முட்டைக்கோஸ் கூட்டாளியிடம் பேசும்போது, அது மரத்திலிருந்து இறங்கி எங்களுக்கு எதிரிலேயே ஆளுயரத்துக்கு வந்து நின்றது. அட்டையைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை, தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டு, சியாமாங் இன்னும் எவ்வளவு வளர்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.