நரிக்கு ஏற்ற கலிபர்

யோகநாதனுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. தான் போகும் பிரெஞ்சு வேட்டைக் குழுவில் துவக்கோடு நிற்க வேண்டும். நாலு பருவமாக அவர் தடியோடுதான் நின்றார். ஒபர்வில்லியே கிடங்கில் கூட வேலை செய்யும் லூடோவிக்தான் பாரிசுக்கு வடக்கே இருக்கும் தன் ஊர்க் குழுவுக்கு அவரை அழைத்துப் போனவன். அங்கே புதர்ப் பற்றைக்குள் இறங்கிச் சத்தம் போட்டு மிருகங்களைக் கலைப்பது யோகநாதனின் வேலை. வரிசையில் நின்று சுடுவது மற்றவர்கள். பகல் சாப்பாட்டுக்கு அவர் கொண்டுபோகும் ஆட்டுக்கறி என்றால் குழு முழுவதுக்கும் உயிர். வயிறாரச் சாப்பிட்டவர்கள் சமைத்தவனை வெளியாளாக நினைக்க மாட்டார்கள் என்று அவர் நம்பினார்.

இந்த வருடம் வேட்டை அனுமதிப் பரீட்சையில் சித்தியடைந்தார். “இனி நல்ல துப்பாக்கி ஒன்றுதான் பாக்கி, நாதன். நரிக்கென்றே ஒன்று எடு” என்றான் லூடோவிக்.

வசந்தமும் கோடையும் அதே பேச்சுத்தான். வேலை முடிந்து பாரிசின் பெர்தொனே தெருவில் உள்ள தமிழ்த் தேநீர்க் கடையில் வடையோடு உட்காருவார்கள். அமெரிக்கர்கள் கொயோட்டி என்ற நரியினத்து மிருகத்தைத் தூர நின்று சுடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து, கலிபர், அதாவது சன்னக் குண்டின் அளவு, இருநூற்று நாற்பத்துமூன்றுதான் வேண்டும் என்பார் யோகநாதன்.

“அது மானுக்கே போதும். நரியின் தோல் கந்தலாகிவிடும்” என்று சிரிப்பான் லூடோவிக்.

சின்ன இருபத்திரண்டு? சத்தம் குறைவு, கரையில் கிட்ட நிற்கும் நீரெலிக்குப் போதும். ஆனால் அந்த மெதுவான சன்னம் கல்லிலோ தண்ணீரிலோ பட்டால் தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கடைசியில் இருநூற்று இருபத்திரண்டில் வந்து நின்றார்கள். தோளை இடிக்காது, நரி நிற்கும் தூரத்துக்கு நேராகப் போகும், மெல்லிய சன்னம் மண்ணில் பட்டால் பெரும்பாலும் உடைந்துவிடும்.

“அண்ணை, நரிக்குத் துவக்குத் தெரியுறியளோ, மகனுக்குப் பொம்பிளை தெரியுறியளோ?” என்று கேட்டான் கடைக்காரப் பிருந்தாபன்.

“பொம்பிளை எண்டா இவ்வளவு யோசிச்சிருக்கமாட்டன்ரா.”

ஜூனில் குழுவின் பொதுக்கூட்டம் வந்தது. “வெறும் கணக்கு வழக்கு, உனக்கு அலுப்படிக்கும். கறியை மட்டும் தா, நான் கொண்டுபோகிறேன்” என்றான் லூடோவிக். யோகநாதன் இரண்டு பானை நிறையச் சமைத்துக் கொடுத்தார். ஆகஸ்டில் இருவருமாகத் துவக்குக் கடைக்குப் போய் அந்த இருநூற்று இருபத்திரண்டை வாங்கினார்கள்.

பருவம் தொடங்கிய காலையில் குழுத் தலைவர் ழான்-லூக் அதை வாங்கிப் பார்த்தார். “அழகான தெரிவு” என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு தடியை நீட்டினார். “நீ வழக்கம்போலப் பற்றைப் பக்கம்.”

“இன்றைக்கு நான் வரிசையில்…”

“லூடோவிக் சொல்லவில்லையா? ஜூனிலேயே முடிவெடுத்தோமே. வரிசையில் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. எல்லோருமே கை தூக்கினோம்.” தலைவருக்கு ஏதோ நினைவு வந்து முகம் மலர்ந்தது. “அன்றைய கறி அபாரம்!”

லூடோவிக் குனிந்து சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். யோகநாதன் அவனைக் காருக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

“நீயும் தூக்கினாயா?”

“எல்லோரும் தூக்கும்போது நான் என்ன செய்ய?”

“அதற்குப் பிறகுதானே என்னோடு கடைக்கு வந்தாய்?”

“நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், நாதன். எப்படிச் சொல்வது?”

கை தூக்கியதைக்கூட அவர் பொறுத்திருப்பார். அதற்குப் பிறகும் தன் சந்தோஷத்தை அவன் எதிரில் உட்கார்ந்து வடை தின்றபடி வேடிக்கை பார்த்திருக்கிறான் என்பதுதான் தாங்கவில்லை. நீட்டிய தடியை அவர் வாங்கவில்லை. துவக்கை உறையில் போட்டுக் காரைக் கிளப்பினார்.

கார்ஜ் லே கொனெஸ் புறநகரில் இருந்த வீட்டில் மனைவி தில்லைநாயகி மத்தியானச் சோற்றை இன்னும் வடிக்கவில்லை.

“என்னப்பா, இப்பவே வந்திட்டியள்? நரி ஒண்டும் விழேல்லையோ?”

“இல்லை.”

“உவ்வளவு நாள் தெரிஞ்சு வாங்கின துவக்கு?”

உண்மையைச் சொன்னால், அவர் அனுப்பிய கறியைச் சாப்பிட்டுக்கொண்டே அவர்கள் கை தூக்கியதையும் சொல்ல வேண்டிவரும். இறைச்சியை வெட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

“கலிபர் பிழைச்சுப்போச்சு.”

“உங்கடை லூடோவிக்தானே அது நல்லதெண்டவர்?”

“ஓம்,” என்றார் யோகநாதன். “அவன்தான் சொன்னவன்.”