குழாய்ச் சத்தம்

முலுண்டில் என் மகன் வீட்டில் நாங்கள் நாலு பேர், பாத்ரூம் மூன்று. தலைக்கு முக்கால் பாத்ரூம் என்று கணக்கு வருகிறது. இன்று காலை அதில் ஒன்றில் மூன்று வயதுப் பேரன், வாத்து மாதிரி செய்த ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதமாகப் பழக்குகிறார்கள். இன்றைக்குத்தான் ஒருவழியாகப் போனான். அவன் அப்பாவும் அம்மாவும் கைதட்டினார்கள். சுவருக்கு இந்தப் பக்கத்துப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நான் நின்றிருந்தேன். எனக்கு வரவில்லை. இந்த வயதில் ஆண்களுக்கு இதெல்லாம் சகஜம் என்கிறார் டாக்டர். சகஜம் என்று சொன்னால் கூச்சம் போய்விடுமா?

"அப்பா, குழாயை மூடலையா? தண்ணி போயிண்டே இருக்கே" என்று மருமகள் குரல் கொடுத்தாள். மூடினேன்.

குழாய்ச் சத்தம் கேட்டால்தான் போகும் என்பது எனக்குப் புதிய வியாதி இல்லை. என்னுடைய முதல் வியாதியே அதுதான்.

அறுபதுகளில் நாங்கள் மாட்டுங்காவில் ஒரு சாலில் இருந்தோம். நீள வராந்தா, அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறை வீடுகள். ஒரு மாடிக்குப் பன்னிரண்டு குடித்தனம், கோடியில் மூன்று கக்கூஸ். அறைக்குள் ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பிய மோரி இருக்கும். குளியல், துணி, பாத்திரம் எல்லாம் அங்கேதான். மோரிக் குழாயில் விடியற்காலை கொஞ்ச நேரம்தான் தண்ணீர். வந்ததும் வராந்தாவில் யாராவது "பானி ஆயா!" என்று கத்துவார்கள். தண்ணீர் வந்துவிட்டதாம். பன்னிரண்டு வீட்டிலும் அண்டா உருளும்.

அந்த நேரத்தில்தான் கழுவிவிடத் தண்ணீர் உண்டு என்பதால், எங்கள் சால் அம்மாக்கள் கைக்குழந்தைகளை அப்போது மோரியில் உட்காரவைத்துக் குழாயைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் கொட்டும் சத்தத்தில் குழந்தையும் போய்விடும். என் அம்மாவும் அப்படித்தான் பழக்கினாள். மற்ற குழந்தைகள் வளர்ந்தபோது அதை விட்டுவிட்டார்கள். எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஐந்து வயதிலும் குழாய்ச் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு எதுவும் வராது. சத்தம் கேட்டுவிட்டாலோ எதுவும் நிற்காது.

கஞ்சி போட்ட காக்கி நிஜார் நனைந்தால் ஒரு வாடை வரும், தெரியுமோ உங்களுக்கு? சோறு புளித்த மாதிரி. மருமகளின் பாத்ரூமில் எப்போதும் எலுமிச்சை வாசனைதான். ஆனாலும் என் மூக்கின் ஓரத்தில் அந்தக் காக்கி இன்னும் இருக்கிறது.

பாலர் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால், குழாய் வைத்த ஒரு தகர டிரம்மில் குடிதண்ணீர் வைத்திருந்தார்கள். யாருக்காவது தாகம் எடுத்தால் என் கதை முடிந்தது. முதல் தடவை எல்லோரும் பாவமாகப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை, டிரம் பக்கம் ஒருவன் எழுந்து போனாலே பெஞ்சு பெஞ்சாக என்னைத் திரும்பிப் பார்த்து, "பானி ஆயா! பானி ஆயா!" என்று கத்த ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனவர்களும் உண்டு.

டீச்சர் அம்மாவை வரச்சொன்னாள்.

"ஆத்துல ரொம்ப சமர்த்து டீச்சர். குழாயைத் தெறந்தாப் போறும், ஒடனே போயிடுவான்" என்றாள் அம்மா, பெருமையாகவே.

"அதான் மாமி கஷ்டமே. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஆத்துலயே வெச்சுக்கோங்கோ."

நனைந்த நிஜாரை நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் நடந்தாள். அவளுடைய சேலைத் தலைப்பை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

அப்பா ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். யாராவது உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே காது சிவந்துபோகும் மனுஷர். மறுநாள் காலை, வனஸ்பதி டப்பா ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு என்னைக் கோடிக் கக்கூஸுக்கு அழைத்துப்போனார். ஸ்கூல் போகும்முன் காலி செய்துவிட்டால் டிரம் ஒன்றும் பண்ணாது என்பது அவர் யோசனை. என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றினார். திரும்ப அதிலிருந்து இதற்கு. அதே தண்ணீர்தான், வீணாகவில்லை. கதவின் அடியில் இருந்த இடைவெளியில் அப்பாவின் கால்விரல்கள் தெரிந்தன. கட்டைவிரலில் எப்போதோ அடிபட்டுக் கறுத்துப்போன நகம்.

அது எல்லோரும் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரம். தினமும் பின்னால் டப்பாவும் கையுமாக வரிசை நிற்கும். அதில் பக்கத்து ரூம் கிட்டு மாமா நிச்சயம் இருப்பார்.

"என்ன ஓய், டீ ஆத்தறீரா? எனக்கு ஒரு அரை கிளாஸ் கட்டிங் குடும். சக்கரை கம்மியா."

வரிசை மொத்தமும் சிரிக்கும். நான் உள்ளிருந்து, "அப்பா, சத்தம் பத்தலை!" என்பேன். குழந்தைக்கு எதை எப்போது சொல்வது என்று தெரியுமா?

"இன்னும் ஒசத்திப் பிடியும் ஓய், என் லோக்கல் வண்டி போயிடும்!" என்பார் மாமா. அப்பா டப்பாவை இன்னும் உயரத் தூக்குவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் விடியற்காலை "பானி ஆயா" குரலே வரவில்லை. எங்கேயோ பெரிய பைப் உடைந்துவிட்டதாம். வீட்டில் மிச்சமிருந்தது கழுவிக்கொள்ள மட்டும் காணும். அப்பா அதை என் பக்கத்தில் உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் கால்விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே அமைதி. யாரோ இருமினார்கள். அப்புறம் சத்தம் வந்தது. மெலிதாகத்தான் ஆரம்பித்தது, பிறகு விடாமல் வந்தது. எனக்குப் போய்விட்டது.

கதவைத் திறந்தால் அப்பா கையில் டப்பா இல்லை. முகத்தை மேலே தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் எழுப்பிக்கொண்டு நின்றார். இரண்டு காதும் ரத்தமாகச் சிவந்திருந்தன. வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

"ஓய், பையன் வந்துட்டான். போறும், நிறுத்தும்" என்றார் கிட்டு மாமா, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

வராந்தாவில் நடக்கும்போது அப்பா குனிந்து, "குழாய் உன் வாயிலயே இருக்குடா. ஸ்கூல்ல இன்டர்வல் விட்டா நீயே பண்ணிக்கோ" என்றார்.

"டீச்சர் வைவாளே?"

"மெதுவாப் பண்ணு."

அன்று இன்டர்வலில் ஸ்கூல் கக்கூஸின் மூலையில் நின்று பண்ணினேன். அரைமணி கழித்து வகுப்பில் ஒருவன் வேண்டுமென்றே டிரம் குழாயைத் திறந்துவிட்டு என்னையே பார்த்தான். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. நிஜாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டம்ளர் நிரம்பிக் கீழே வழிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் அப்பா, "ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன். இரண்டாவது டப்பா பரணுக்குப் போயிற்று. ஆனால் அப்பா அதற்குப் பிறகு காலை வரிசையில் நிற்கவே இல்லை. ஊர் எழுவதற்கு முன்னால் இருட்டிலேயே எழுந்து போய்வந்துவிடுவார். அந்தச் சால் வீட்டைக் காலி செய்யும்வரை அப்படித்தான்.

சால் இருந்த இடத்தில் இப்போது உயரமான கட்டடம். எத்தனை மாடி என்று கீழே நின்று எண்ணிப் பார்த்தேன். வாட்ச்மேன் சந்தேகமாகப் பார்த்ததால் பாதியில் விட்டுவிட்டேன். கிட்டு மாமா கோபர்கைரனேயில் மகள் வீட்டில் இருந்து, அங்கேயே போய்ச்சேர்ந்தார். அப்பா போய் முப்பத்தோரு வருஷம்.

மருமகளுக்குப் பயந்து குழாயை மூடிய பிறகு இன்று நானே உதட்டைக் குவித்துப் பார்த்தேன். பல்செட் படுக்கைப் பக்கத்து டம்ளரில் கிடந்தது. வெறும் காற்றுதான் வந்தது. பழக்கதோஷம், கதவின் அடியில் பார்த்தேன். இந்த வீட்டுக் கதவுகள் தரையோடு தரையாகப் பொருந்துபவை. கீழே இடைவெளியே கிடையாது.