கோணல் ரேசரும் குமாஸ்தா ஆதிகேசவனும்

ஆம்பூரில் நிசார் அஹமது சாகிபின் தோல் தொழிற்சாலையில் இங்கிலீஷ் குமாஸ்தாவாக இருந்தவர் ஆதிகேசவன். சென்னைக்கும் லண்டனுக்கும் போகிற கடிதங்களை எல்லாம் அவர்தான் எழுதுவார். 'தங்கள் மேலான கடிதம் கிடைத்தது' என்பதை ஒன்பது விதமாக எழுதத் தெரிந்தவர். அதனால் உலகத்தில் எதைப் பற்றியும் தமக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தாக வேண்டும் என்று நம்பினார். இருக்கவும் இருந்தது.

அவருக்குத் தலையில் முடி சொற்பம். அந்தக் குறையை ஆண்டவன் தாடையில் வட்டியோடு தீர்த்திருந்தான். காலையில் மழித்த கன்னத்தில் மாலையில் தேங்காய் துருவலாம். வாரம் இருமுறை வந்து மழித்துவிடும் கன்னியப்பன், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒரு பெருமூச்சு விடுவார். அது தம் அந்தஸ்துக்குக் காட்டும் மரியாதை என்று ஆதிகேசவன் எடுத்துக்கொண்டிருந்தார்.

1933ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள், கம்பெனி ஏஜெண்டு ஒருவர் சென்னையிலிருந்து சரக்கு பார்க்க வந்தார். அன்றைக்கென்று கன்னியப்பனுக்குக் காய்ச்சல். நாலு நாள் முள்ளோடு கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு ஆதிகேசவன் உள்ளே போனார். சாகிப் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாய்யா ஆதிகேசவன், ஆட்டுத்தோல் எல்லாத்தையும் சுண்ணாம்புக் குழியில போட்டு மயிரெடுத்துட்டோம். உன்னை மட்டும் எப்படி விட்டுட்டாங்க?"

ஏஜெண்டு சிரித்தார். சாகிப் சிரித்தார். முதலாளி சிரிக்கும்போது சும்மா இருப்பது சம்பளத்துக்கு நல்லதில்லை என்று ஆதிகேசவனும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"இனிமே என் முகத்தை நானே மழிச்சுக்கப் போறேன்" என்று மனைவி அமிர்தவள்ளியிடம் அறிவித்தார்.

"மழிச்சுக்கோங்க. யாரு வேணாம்னாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் புளி கரைக்கப் போனாள். இவ்வளவு பெரிய முடிவுக்கு இவ்வளவு சின்ன பதிலா என்று அவருக்கு வருத்தம்.

அதற்கப்புறம் ஆராய்ச்சி தொடங்கியது. பத்திரிகை விளம்பரங்களைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டினார். சென்னைக் கடைகள் இரண்டுக்கு, கம்பெனி நடையில், விலைப்பட்டியல் கேட்டு எழுதினார். ரயில்வே ஸ்டேஷனில் மழுமழு கன்னத்தோடு யார் தென்பட்டாலும் நிறுத்தி விசாரித்தார். கைப்பிடி கனமாக இருக்கணும் என்றார் ஒருவர். இருக்கவே கூடாது என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆசாமி, தமக்குத் தாடி முளைப்பதே இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைப் பிடிக்க ஓடினார். ஆறு வாரம் கழிந்தது. நோட்டு நிரம்பியது. தாடையும் நிரம்பியது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை ரயிலேறி வேலூர் போய், பஜாரில் ஷபீ அஹமதின் சாமான் கடையில் நுழைந்தார். ஷபீ மூன்று ரேசர்களை எடுத்து வைத்தார். முதலாவது வெல்வெட் பெட்டியில் தங்க முலாம் பூசிப் படுத்திருந்தது. அதன் விலையைக் கேட்டதும் ஆதிகேசவன் மூடியைத் தாமே சாத்தினார். இரண்டாவது தகரம். கன்னத்தை வெட்டுவதற்கு முன்னால் பிடிக்கிற கையை வெட்டும் ஜாதி. மூன்றாவது ஜெர்மனிச் சரக்கு, நல்ல கனம், நல்ல பளபளப்பு. ஆனால் தலை மட்டும் கோணியிருந்தது. பிளேடு ஒரு பக்கம் மேலேறி, மறுபக்கம் கீழிறங்கி முறுக்கிக்கொண்டு நின்றது.

"இது கோணலா இருக்குதே?"

"கோணல் இல்ல ஐயா, சாய்வு. ஜெர்மன்காரன் வேணும்னே அப்படிச் செஞ்சிருக்கான்."

"வேணும்னே யாராவது கோணலா செய்வானா? கப்பல்ல விழுந்து நசுங்கிடுச்சுன்னு ஒத்துக்கோங்க."

ஷபீ அஹமது இரண்டு வருஷமாக அந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர். வந்தவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். "சரி ஐயா, விழுந்துடுச்சு. மூணு ரூபா சாமான், ரெண்டு ரூபா கொடுங்க."

"நசுங்கின சாமானுக்கு ஒண்ணே முக்கால்."

"எடுத்துட்டுப் போங்க. ஜாஸ்தி பேஜார் பண்ணாதீங்க."

ஒரு முட்டாளை ஏமாற்றிவிட்ட பூரிப்போடு ஆதிகேசவன் ஆம்பூர் திரும்பினார். வண்டியில் பக்கத்தில் இருந்தவருக்கும் எதிரில் இருந்தவருக்கும் பேரம் நடந்த விதத்தை விவரித்தார்.

மறுநாள் காலை கண்ணாடியை ஜன்னலில் மாட்டி, சோப்பை நுரைத்து, ரேசரைக் கன்னத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். முரட்டுத் தாடிக்கு முரட்டுக் கைதான் வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். மூன்றாவது இழுப்பிலேயே நுரை ரோஜாப்பூ நிறமாயிற்று. அமிர்தவள்ளி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, கோழியறுத்த மாதிரி?"

"ரேசர் கோணல்டி. அதான்."

"கோணல்னு தெரிஞ்சுதான வாங்கினீங்க?"

அவர் நுரையைத் துடைத்தார். வாயோரத்திலும் வெட்டு.

திங்கட்கிழமை படிகாரம் தடவிய வெட்டுக்காயங்களோடு தொழிற்சாலைக்குப் போனவர், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ரேசரைத் துணியில் சுற்றிப் பட்டறைக் கொட்டகைக்கு எடுத்துப் போனார். அங்கே இரும்பு இடுக்கி ஒன்று மேஜையில் பொருத்தியிருந்தது. கோணல் தலையை அதில் வைத்து நெருக்கினால் நேராகிவிடும். இடுக்கியின் வாயில் ரேசரைச் சொருகித் திருகத் தொடங்கினார்.

சீவு கத்தியைச் சாணை பிடிக்க வந்த காசி அதைப் பார்த்தார். சாய்த்து நிறுத்திய மரக்கட்டையில் தோலை விரித்து மயிரும் சதையும் சீவுகிற வேலை அவருக்கு. ஆதிகேசவனின் மேஜையிலிருந்து இருபதடி தூரத்தில்தான் வருஷக் கணக்காக நின்று சீவினார். குமாஸ்தா அவரிடம் இதுவரை பேசியது, 'கொஞ்சம் தள்ளி நில்லு, நாத்தம்' என்ற நான்கு சொற்களுக்குள் அடங்கும்.

"ஐயா, ஐயா! நல்ல கத்திய ஏன் கெடுக்கிறீங்க?"

"நல்ல கத்தியா? கோணலைப் பாரு."

காசி அதை இடுக்கியிலிருந்து விடுவித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது. அது ஜெர்மன்காரனுக்கு.

"செஞ்சவன் வேலை தெரிஞ்சவன் ஐயா. கத்திய நேரா வச்சுத் தள்ளினா மயிர இழுக்கும், தோலக் கிழிக்கும். சாச்சு வச்சா அதுவா அறுத்துக்கினு போவும். நாங்க கைய சாய்க்கிறோம். இவன் கத்தியவே சாச்சுட்டான். நீங்க அமுக்கியிருப்பீங்க."

"அமுக்காம எப்படி வெட்டும்?"

"அது கனத்துக்கே வுட்டுடுங்க. சின்னச் சின்னதா இழுங்க."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"பத்தொம்பது வருஷமா ஆட்டுக்குப் பண்றேன் ஐயா."

ஆட்டோடு தம்மைச் சேர்த்தது ஆதிகேசவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கன்னம் எரிந்தபடியால் அபிப்பிராயம் சொல்லாமல் திரும்பினார். மறுநாள் காலை ரேசரை அதன் கனத்துக்கு விட்டார். சரசரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கன்னம் வழவழவென்று வந்தது. தடவிப் பார்த்தார். அமிர்தவள்ளியின் கையைப் பிடித்துத் தடவ வைத்தார். "அட!" என்றாள் அவள். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் அவர் முகத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

இனி மழிக்க வரவே வேண்டாம் என்றதும் கன்னியப்பன் கெஞ்சுவார் என்று ஆதிகேசவன் எதிர்பார்த்தார். அவரோ, "ரொம்ப நல்லதாப் போச்சு சாமி" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

தொழிற்சாலையில் பேச்சுப் பரவியது. ஆதிகேசவனின் வாயால் கேட்டவர்களுக்கு, சாய்வின் தத்துவம் ஆறு வார ஆராய்ச்சியில் அவரே கண்டது. கன்னத்தை மட்டும் மழித்துத் தாடையில் தாடி வைத்திருந்த சாகிப் கேட்டுவிட்டுத் தமக்கும் ஒன்று வாங்கி வரச் சொன்னார். வேலூரில் ஷபீ அஹமது புன்னகையோடு எடுத்து வைத்தார். "கோணல் சரக்கு கம்மியாயிடுச்சு ஐயா. நாலு ரூபா."

இரண்டாம் நாள் சாகிப் கூப்பிட்டனுப்பினார். அவர் கன்னத்தில் மூன்று காகிதத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. "இன்னாய்யா, என்னைக் கொல்லப் பாக்குறியா?"

ஆதிகேசவன் நோட்டில் இருந்ததை எல்லாம் எடுத்துச் சொன்னார். எஃகின் தரம், பிளேடின் கனம், கைப்பிடியின் நீளம். சாகிப் காகிதத்தைப் பிய்த்தார். ரத்தம் வந்தது. வேறு வழியில்லாமல் ஆதிகேசவன் வாசலுக்குப் போய், "காசி, இங்க வா" என்று கூப்பிட்டார். காசி உள்ளே வராமல் வாசற்படியில் நின்றபடியே, வெறுங்கையைக் காற்றில் சாய்த்து இழுத்துக் காட்டினார். சாகிப் அதேபோல் செய்து பார்த்தார். சரசரவென்றது.

"அப்போ ஆராய்ச்சி இவனுதா?" என்றார் சாகிப்.

"ஆமாங்க" என்றார் ஆதிகேசவன். அவர் வாழ்நாளில் எழுதிய, பேசிய எல்லாவற்றிலும் அதுதான் சுருக்கமான வாக்கியம்.

அந்த மாதமே காசியைச் சீவு கொட்டகைக்கு மேஸ்திரி ஆக்கினார்கள். ஆதிகேசவனுக்கு அன்றிரவு சாதம் இறங்கவில்லை. பொறாமையா வெட்கமா என்று அவருக்கே விளங்கவில்லை. மறுநாள் காசியிடம் தாமாகவே போய், "உனக்கும் ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றார். நாற்றம் அன்றும் இருந்தது, அவர் தள்ளி நிற்கவில்லை.

காசி கத்தியைத் துடைத்தபடி சிரித்தார். "எனக்கு எதுக்கு ஐயா? வாரத்துல ஆறு நாளு நான் சீவுறேன். ஞாயித்துக்கெழமையாவது ஒருத்தன் எனக்கு மழிக்கட்டும், நான் கண்ண மூடிக்கினு உக்காந்திருக்கேன்."

நாலு ரூபாய் மிச்சமானதில் ஆதிகேசவனுக்குச் சந்தோஷம்தான். அதை மறைத்துக்கொண்டு, வருத்தப்படுகிறவர் மாதிரி இரண்டு நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டுப் போனார்.