லிங்கப்பன் வேண்டாம் என்றார்

பக்கத்து வீட்டு லிங்கப்பனுக்குக் காபி கொடுப்பதென்றால் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை, "இப்பத்தானுங்க அக்கா குடிச்சேன்" என்பார். அடுத்த தடவை, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்பார். மூன்றாம் தடவை நான் கேட்டு முடிப்பதற்குள் டம்ளர் காலியாகியிருக்கும். கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். கேட்டவுடனே கை நீட்டுகிறவனைப் பஞ்சத்தில் அடிபட்டவன் என்று அங்கே நினைப்பார்களாம். அவருடைய மச்சான் கல்யாணத்தில் பாயசம் கொண்டுவந்த ஆள், இவர் 'வேண்டாம்' என்றதை அப்படியே நம்பி அடுத்த இலைக்குப் போய்விட்டான். அந்தக் கதையை அவர் எங்கள் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்றால், சுவரில் இருக்கும் பல்லிக்கே அது மனப்பாடம்.

ஆனால் வெளியுலகம் அவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மைசூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் தலை நரைக்கிறவரை இருந்தார். தொழிற்சங்கத்துக்குக் கொடி கட்டினார், தமிழர் சங்க விழாக்களுக்கு ஜமக்காளம் விரித்தார், மைக் செட்டுக்காக வெயிலில் அலைந்தார். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிற நாளில் மட்டும் அவர் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தலையும் திரும்பாது.

"வேண்டாமுன்னு சொல்றதுக்காச்சும் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாமுங்க அக்கா" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தொண்ணூற்றெட்டில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வந்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கினார். அந்த மோடம் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் சாமராஜநகர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது என்று நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நாய் திரும்பி வரவில்லை என்பது மட்டும் தெருவுக்கே தெரியும்.

'அக்கம்பக்கம்' என்று இன்டர்நெட்டில் ஒரு தமிழ் அரட்டைப் பலகை. இராமச்சந்திரன் என்பவர் அமெரிக்காவில் உட்கார்ந்து நடத்திக்கொண்டிருந்தார். சிங்கப்பூர், டொரான்டோ, கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ இருந்து தமிழர்கள் அதில் எழுதினார்கள். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்து தெரிய வேண்டுமானால் அதற்கென்று தனி ஃபாண்டை இறக்கிப் போட வேண்டும். இல்லாவிட்டால் திரை முழுக்கக் கோழி கிளறின மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம், எதை இறக்குவது, எங்கே வைப்பது என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அலுக்காமல் சொல்லிக்கொடுத்தவர் லிங்கப்பன். சண்டை மூண்டால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டு ஆற்றுவார். சண்டையை மூட்டுகிறவன் பெரும்பாலும் பெங்களூர்ப் பிரசாந்த். யாராவது சமையல் குறிப்பு எழுதினால்கூட அதற்குக் கீழே நடிகர்களை இழுத்து ஒரு வம்பு வைப்பான்.

அடுத்த ஆண்டு இராமச்சந்திரன் ஓர் அறிவிப்புப் போட்டார். தனியாகச் சமாளிக்க முடியவில்லை, சம்பளமில்லாமல் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகி வேண்டும். தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது. இன்னொருவர் முன்மொழிய வேண்டும், முன்மொழியப்பட்டவர் சம்மதம் எழுத வேண்டும். தேர்வாகிறவர் பெயர் முதல் பக்கத்திலேயே வரும்.

அன்று சாயங்காலமே டொரான்டோ வினிதா எழுதிவிட்டாள்: "எனக்கு இங்கே தமிழைக் கண்ணில் காட்டியதே லிங்கப்பன் மாமாதான். அவரைத் தவிர யார்?"

லிங்கப்பன் அதை அச்செடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். நின்றபடியே இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். பின்னாலேயே அவர் மனைவி ராமக்காள் வந்தாள்.

"சரின்னு ஒரு வார்த்தை எழுதிப் போட்டுட்டுச் சோறு திங்க வாங்க. ஆறிப்போவுது."

"கூப்பிட்ட உடனே ஓடுனா என்ன மதிப்பு இருக்குது புள்ளே? ரெண்டாவது வாட்டி கேக்கட்டும். நாலு பேரு கூடிக் கேக்கட்டும்."

"கேக்காம போயிட்டா?"

"அதுக்கெல்லாம் வழி பண்ணியாச்சு" என்று கண்ணடித்தார். அவர் எழுதி வைத்திருந்த பதில் இதுதான்: "அடியேனுக்கு அந்தத் தகுதி இல்லை. நம் பிரசாந்த் தம்பி போன்ற துடிப்பான இளைஞர்கள் இருக்கும்போது எனக்கெதற்கு?"

"ஏன்பா, ஊரில் வேறு ஆளே இல்லையா? அவனையா சொல்வாய்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானுங்க அக்கா! நல்லவன் பேரைச் சொன்னா அவனையே போட்டுருவாங்க. இவன் பேரைப் பாத்தாப் பதறிப்போய் என்னையக் கையப் புடிச்சு இழுப்பாங்க."

ராமக்காள் என்னைப் பார்த்தாள். "இந்த மூளைய வெச்சுக்கிட்டுத்தான் ஸ்டோர்ஸுல இருந்தாருங்க."

பதிலைப் போட்டுவிட்டு, கெஞ்சல்கள் சேரட்டும் என்று அவர் கம்ப்யூட்டருக்கு உறை போட்டார். ராமக்காளைக் கூட்டிக்கொண்டு கொள்ளேகால் போய், அங்கிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் பஸ் ஏறினார். சாமியிடம் என்ன கேட்டாரோ, திரும்பும்போது தெருவுக்கே கொடுக்கிற அளவுக்கு லட்டு வாங்கி வந்தார்.

லட்டுப் பையைக் கீழே வைக்காமலே கம்ப்யூட்டரைப் போட்டார். கெஞ்சல் ஒன்றுகூட இல்லை. ஒரே பாராட்டு மழை. 'என்ன பெருந்தன்மை!' 'இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா!' 'பிரசாந்தைப் பற்றி நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம். ஐயாவே சொல்கிறார் என்றால் ஏதோ இருக்க வேண்டும்.' வினிதாகூட, 'மாமா காட்டிய ஆளுக்கே என் ஆதரவு' என்று எழுதியிருந்தாள். கடைசியில் பிரசாந்த், 'சம்மதம். நன்றி' என்று முடித்திருந்தான். அவனை இரண்டாம் தடவை கேட்க யாருக்கும் வேலையே வைக்கவில்லை. முதல் பக்கத்தில் அவன் பெயர் ஏறிவிட்டது.

லட்டை ராமக்காள்தான் வீடு வீடாகக் கொடுத்தாள். "என்ன விசேஷம்?" என்று எல்லோரும் கேட்டார்கள். "கோயிலுக்குப் போனோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரமே பிரசாந்திடமிருந்து கடிதம். "அங்கிள், புது ஆளுங்களுக்கு ஃபாண்ட் சொல்லிக் கொடுக்கிறதை நீங்களே பாத்துக்கோங்க. எனக்கு டைமே இல்லை." லிங்கப்பன் பார்த்துக்கொண்டார். அவன் மூட்டின சண்டைகளையும் அவரே ஆற்றினார். ஒரே ஒரு தடவை, 'நிர்வாகியே வம்பிழுக்கலாமா' என்று பொதுவில் எழுதினார். மறுநாள் அந்த வரி காணாமல் போயிருந்தது. அழிக்கிற அதிகாரம் இப்போது யாரிடம் இருந்தது என்று சொல்ல வேண்டுமா?

வருஷக் கடைசியில் இராமச்சந்திரன் ஊருக்கு வந்தார். மைசூரில் உறுப்பினர் சந்திப்பு. அங்கே விஜயநகர்ப் பகுதியில் ஒரு சின்ன மண்டபம். பிடித்துக் கொடுத்தது, ஜமக்காளம் விரித்தது, சமையல்காரரை அமர்த்தியது எல்லாம் யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். பிரசாந்த் வரவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இனி நிர்வாகம் பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

இராமச்சந்திரன் மேடையில் ஒரு சால்வையை விரித்து லிங்கப்பனுக்குப் போர்த்தினார். "பதவி தேடி வந்தபோதும் வேண்டாமென்ற மனிதர் இவர். இப்போது இடம் மறுபடியும் காலி. ஐயாவையே கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கேட்டு அவர் மனசைப் புண்படுத்தக் கூடாது. இல்லீங்களா ஐயா?"

மைக்கை லிங்கப்பன் கையில் கொடுத்தார். பெண்கள் வரிசையில் என் பக்கத்தில் இருந்த ராமக்காள், "வேணும்னு சொல்லித் தொலைங்க" என்று பல்லைக் கடித்தாள். அவர் காதில் அது விழுந்ததென்றுதான் நினைக்கிறேன். இந்தப் பக்கம் பார்த்தார். வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் பழகின நாக்கு அதன் பாட்டுக்கு ஓடிவிட்டது.

"நமக்கெதுக்குங்க அதெல்லாம்."

கைதட்டல் மண்டபத்தின் கூரையைப் பெயர்த்தது. அவர் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது ஒருவர், "அட, அப்படிச் சொல்லாதீங்க" என்று எழுந்தால் போதும். யாரும் எழுந்திருக்கவில்லை. இராமச்சந்திரன் மைக்கை வாங்கி, சாப்பாடு தயார் என்றார்.

பந்தியில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். பாயசம் வந்தது. இலைமேல் கையை விரித்து, "வேண்டாமுங்க" என்றார். பரிமாறுகிறவர் நகரவில்லை.

"ஸ்வல்ப சார், கொஞ்சம்தான். இன்னொரு தடவை யோசிங்க."

லிங்கப்பன் தலை நிமிர்ந்து, இரண்டாம் தடவை கேட்ட அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். இலையில் ஒரு கரண்டி பாயசம் விழுந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.