மாலை போடாத படம்

"…முதல்ல அதைக் கழற்றச் சொல்லு, தம்பி. கதையெல்லாம் பிறகு. என்ர மனுசன்ர படத்துக்கு மாலை போட இவவுக்கு ஆர் சொன்னது?"

ஆட்டோக்காரனை அனுப்பிவிட்டு அன்புவழிபுரத்து வீட்டுக்குள் நான் நுழைந்தபோது அண்ணியின் குரல் இப்படித்தான் வந்தது. சுவரில் அண்ணாவின் படம். அதன் முன்னால், இங்கிலாந்திலிருந்து என்னோடு வந்த கவிஞர் டொரீன் நின்றார். எழுபதைத் தாண்டிய மனுசி. கோயிலடியில் வாங்கிய மல்லிகை மாலையின் ஒரு பக்கத்தைப் படத்தில் மாட்டிவிட்டு, மறுபக்கத்தைக் கையில் வைத்திருந்தார். முகத்தில் நல்ல காரியம் செய்கிறவரின் சிரிப்பு. நாங்கள் போன வீடுகளில் மாலையிட்ட படங்களைக் கண்டிருக்கிறார். இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று சரியாகத்தான் விளங்கிக்கொண்டார். அண்ணா இறந்துவிட்டார் என்று எங்கள் வீட்டில்தான் யாரும் சொன்னதில்லை.

யுத்த காலத்தில் ஒரு காலை துறைமுகத்துக்கு வேலைக்குப் போன அண்ணாவைச் சோதனைச் சாவடியில் படையினர் இறக்கி வைத்ததாக, அதே பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான் தெரியும். அண்ணி இன்றைக்கும் தாலியோடும் குங்குமத்தோடும் இருக்கிறார். எங்கள் வீட்டில் திவசம் இல்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களை, "அப்ப ஆளைக் காட்டுங்கோ" என்று கேற்றடியிலேயே திருப்பி அனுப்பியவர். காணாமல் போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் இருக்கும் தாய்மாரோடு, முழங்கால் நோவையும் பாராமல் போய் இருக்கிறவர்.

டொரீனின் ஊர் வடகடலோரத்தில் ஒரு பழைய மீன்பிடித் துறை. அங்கேதான் என் கடை. பால் வாங்க வருகிறவர்கள்கூட என்னை 'லவ்' என்று கூப்பிட, ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிட வியப்பு, பூனைக்கு டின் மீன் வாங்க மழைக்கோட்டோடு வருகிற மனுசி பேர்பெற்ற கவிஞர் என்பது. எங்கள் பக்கம் கவிஞர் என்றால் மேடையும் பொன்னாடையும். இவரோ சிறுவயதில் மீன் வெட்டும் தொழிற்சாலைக்குப் போனவர்; பிறகு பள்ளிக்கூடக் குசினியில் சாப்பாடு பரிமாறியவர். நடுவயதில்தான் முதல் புத்தகம் வந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனைப் பற்றியது அது. அதற்குப் பிறகு பரிசு கிடைத்தது, வானொலியில் கூப்பிட்டார்கள். ஊர்ச் சனத்துக்கு மட்டும் அவர் செத்தவீட்டுக் கவிஞர். என் கடை வரிசையில் நின்றபடியே, அம்மாவுக்கு நாலு வரி வேண்டும் என்று கேட்பார்கள். மறுக்கமாட்டார். "ஆளைப் பற்றிச் சொல்லு, லவ். வீட்டுக்கு வந்தால் கதவை எப்படிச் சாத்துவா?" என்பார். கதவு சாத்துவதில் ஒரு மனிதர் முழுதாக இருக்கிறார் என்பது அவருடைய நம்பிக்கை.

ஒருநாள் என்னிடமும் வீட்டாரைப் பற்றிக் கேட்டார். அண்ணா காணாமல் போனதைச் சொன்னேன். காணாமல் போய் எத்தனை வருடம் என்று கேட்டுவிட்டு, என் கையின்மேல் கையை வைத்தார். அந்த நாட்டில் குறித்த காலம் போனால், காணாமல் போனவரைச் சட்டமே இறந்தவராக எடுத்துக்கொள்ளும். அவருக்கு அதில் சந்தேகம் வரவில்லை. நானும் மறித்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் இரண்டு பக்கம் கொண்டுவந்து தந்தார். கடையின் பின்னறையில், சோடாப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று வாசித்தேன். அண்ணா வந்து சைக்கிளைக் கேற்றில் சாத்தும் சத்தம் அதில் இருந்தது. அண்ணாவுக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

வரப்போகும் புத்தகத்தின் கடைசிக் கவிதை அதுதான். கை நடுங்கத் தொடங்கிவிட்டது, இனி ஒரு புத்தகம் வருமோ தெரியாது என்றார். அச்சுக்குப் போகுமுன் அண்ணாவின் வீட்டில் நின்று வாசிக்கவேண்டும் என்று பிடிவாதமாக வந்திருந்தார்.

மாலையை நான்தான் கழற்றினேன். காரணத்தைச் சொன்னதும் டொரீன் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வந்த நோக்கத்தையும், கவிதையையும், தகப்பனின் கதையையும் மெல்லச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"அவவின்ர அம்மா என்ன செய்தவவாம்?" என்று அண்ணி கேட்டார்.

"கனகாலம் நம்பேல்லையாம், அண்ணி. பிறகு ஊர்ச்சனம் கடற்கரையில கல்லு நட்டுப் பேரை வெட்டினதாம். அண்டைக்குத்தான் அழுதவவாம். அதுக்குப் பிறகுதான் நித்திரை வந்ததாம்."

"பாவம் மனுசி. அவவுக்குக் கடல் எடுத்ததெண்டு தெரியும். என்ரயாளைக் கடலோ எடுத்தது? எடுத்தவங்கள் இருக்கிறாங்கள். செத்தவரெண்டு நாங்களே புத்தகத்தில போட்டா, அவங்கள் கையைக் கழுவிப்போட்டுப் போயிடுவாங்கள். சொல்லு அவவுக்கு."

சொன்னேன். டொரீன் பையிலிருந்து அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்துப் பார்த்தபடி இருந்தார். அண்ணா திரும்பி வருகிற மாதிரி முடிவை மாற்றினால் அது பொய்யாகிவிடும், அதனால் கவிதையையே எடுத்துவிடுகிறேன் என்றார். புத்தகத்துக்கு என்ன முடிவு என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். பக்கங்களை மடித்துப் பையில் வைத்தார்.

எடுக்கவேண்டாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. எந்த மொழியில் சொல்வதென்று தெரியவில்லை. அண்ணாவுக்கு நான் கொடுத்த ஒரே திவசம் அந்தக் கவிதை. அதை இந்த வீட்டில் நின்று எப்படிச் சொல்வேன்?

அண்ணி என் முகத்தையே பார்த்தார்.

"நீ இதை வாசிச்சனியோ?"

"ஓம்."

"அழுதனியோ?"

"ஓம், அண்ணி."

"அப்ப நீயும் அவற்ற கதையை முடிச்சுப்போட்டாய்."

அதில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "சரி, ரெண்டு பேரும் இருங்கோ. சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். வெளியாட்கள் வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட சாப்பாட்டுப் பீங்கான்கள் இரண்டைத் துடைத்து மேசையில் வைத்தார். கையால் சாப்பிட்டுப் பழகாத டொரீனுக்கென்று ஒரு கரண்டியும் வைத்தார். குசினிப் பக்கம் திரும்பியவர் சற்று நின்றார். பிறகு இன்னொரு கரண்டியைக் கொண்டுவந்து என் பீங்கானுக்குப் பக்கத்திலும் வைத்தார்.